அணு மின்நிலையங்களில் தீக்காப்புத் திட்டமும் பாதுகாப்பு மீளாய்வும்

தீயின்றி மனித வாழ்வு இல்லை. தீயை அடக்கி ஆளும் அறிவின்றி அவ்வாழ்வு நிலைப்பதும் இல்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோருள் இவ்வுண்மையை நூல்வழி அறிந்தவர் சிலர், பட்டறிந்தவர் பலர். கச்சான் காற்று வீசும் நாளிற் கிடுகால் வேய்ந்த வீடொன்றிற் பற்றிய பொறி அண்டை வளவுக்குத் தாவ நெடுநேரம் வேண்டுவதில்லை. ஆதலினாலேயே அடுக்களையை வீட்டினின்றும் விலக்கி அமைத்தல் முன்னோருக்கு உவப்பாயிற்று. அறுத்த நெற்கதிரைச் சூடு வைக்கும் வேளாண்மைக்காரரும், விளைந்ததனைத்தையும் ஒரே சூடாகக் குவித்தல் அறிவுடைமையன்று என்பதை உணர்வர். ஒன்று எரியினும் மற்றொன்று எஞ்சுதல் வேண்டும் என்பதே இவற்றின் உட்கருத்தாகும்.

இவ்வெளிய கருத்தே, மனிதன் ஆக்கிய இயந்திரசாலைகளுள் மிகச் சிக்கலானவற்றுள் ஒன்றாகிய அணு மின்நிலையத்தின் தீக்காப்புக்கும் அடிப்படையாய் அமைந்துள்ளது. அது மறக்கப்பட்ட இடங்களில் யாது நிகழ்ந்தது, மீண்டும் மறவாதிருத்தற்கு யாது செய்யப்படுகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணு மின்நிலையம் ஒன்றேனும் இல்லாத நாட்டினருக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். நம் நாட்டிற்கு இப்பொருள் அத்துணைத் தொலைவில் இல்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திக்கென ஒரு சபையையும், அதனை ஒழுங்குபடுத்துதற்கெனத் தனியே ஒரு பேரவையையும் நிறுவிற்று. 2015ஆம் ஆண்டு பெப்புருவரியில் அணுசக்தியை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்துதல் பற்றி இலங்கையும் இந்தியாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் அனைத்துலக அணுசக்தி முகவர் நிலையத்தின் குழுவொன்று, அணு மின்னாக்கத்துக்கு இந்நாடு எவ்வளவு ஆயத்தமாயுள்ளது என்பதை ஆராய்ந்து சென்றது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கூடங்குளத்தில் ஒவ்வொன்றும் 1000 மெகாவாற்று ஆற்றலுள்ள இரு உலைகள் முறையே 2013இலும் 2016இலும் தொழிற்படத் தொடங்கின. எனவே, இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவருட் சிலர் நாளை இத்தகைய நிலையமொன்றை வேண்டுவதா விலக்குவதா என்று தீர்மானிக்கும் அவையில் அமர நேரலாம். எதை வினவ வேண்டும் என்பதை அவர்கள் இன்றே அறிந்திருத்தல் நன்று.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். அணு உலையில் உரேனியம் விறகு போல எரிவதில்லை. நியூத்திரன் தாக்க அணுக்கரு பிளவுறுகின்றது. அப்பிளவினால் வெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுழற்ற, சுழலி மின்பிறப்பாக்கியை இயக்குகின்றது. ஈண்டு தீக்கு இடமேது எனலாம். விண்ட்ஸ்கேலில் 1957இலும் செர்னோபிலில் 1986இலும் உலையினுள் இருந்த காரீயமே தீப்பற்றியதுண்டு. கல்பாக்கத்தில் 1985 முதல் தொழிற்பட்ட சிறு வேக ஈனுலை போன்றவற்றில் வெப்பத்தைக் கொண்டு செல்லும் உருகிய சோடியம், காற்றுப் பட்டால் எரியும் இயல்பினது. ஆயின் நீராற் குளிர்விக்கப்படும் பெரும்பாலான நிலையங்களில் தீக்கு இரையாவன நாம் எங்கும் காணும் பொருள்களே: சுழலியை வழுவழுப்பாக்கும் எண்ணெய், மின்பிறப்பாக்கியைக் குளிர்விக்கும் ஐதரசன் வாயு, டீசல், மின்வடங்களைப் போர்த்திய பிளாத்திக்கு உறை முதலியன. எந்த ஆலையிலும் மூளக்கூடிய தீயே இங்கும் மூளுகின்றது. அதன் விளைவே வேறாகின்றது.

அவ்வேறுபாட்டின் காரணம் யாது? உலையை நிறுத்திய மாத்திரத்தில் வெப்பம் நின்றுவிடுவதில்லை. பிளவிற் பிறந்த பொருள்கள் கதிர்த்தொழிற்பாட்டினால் தேய்ந்துகொண்டேயிருப்பதால் வெப்பமும் தொடர்ந்து எழுகின்றது. நிறுத்திய கணத்தில் அது முழு வெப்ப ஆற்றலின் 6 அல்லது 7 நூற்றுவீதமாயிருக்கும். ஒரு மணித்தியாலத்தின் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றுவீதமாகும். ஒரு நாளின் பின் அரை நூற்றுவீதமளவிற்குத் தாழும். 750 மெகாவாற்று வெப்பம் தரும் சிறிய உலையொன்றை எடுத்துக்கொள்வோம். நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னும் அதில் 11 மெகாவாற்று வெப்பம் எழும். கொதிநிலையிலுள்ள நீரில் ஏறத்தாழ 5 லீற்றரை ஒவ்வொரு செக்கனும் ஆவியாக்குதற்கு அது போதியது. அவ்வெப்பத்தை அகற்ற வேண்டுமாயின் பம்பி வேண்டும். பம்பிக்கு மின் வேண்டும். மின்னைக் கொணர வடம் வேண்டும். வாயில்களைத் திறந்து மூடவும், உள்ளே நிகழ்வதை அறியவும் வேறு வடங்கள் வேண்டும். அணு மின்நிலையத்தில் தீ அஞ்சத்தக்கதாவது உலையைச் சுடுவதனாலன்று. உலையைக் காப்பவற்றின் நரம்புகளை அறுப்பதனாலேயாம்.

பொறியியலார் இதனை அறியாதவரல்லர். ஆதலின் ஒரு பம்பி வேண்டிய இடத்தில் இரண்டோ மூன்றோ அமைத்தனர். ஒரு மின்வழி வேண்டிய இடத்தில் இரு வழி வகுத்தனர். ஆயின் எண்ணிக்கை மட்டும் காவலாகாது. மட்டக்களப்பு வாவிக்குப் பாலமீன்மடுவில் ஒன்றும் கல்லாற்றில் ஒன்றுமாகக் கடல்வாய் இரண்டு உண்டு. ஒன்று மூடினும் மற்றொன்றால் வெள்ளம் வடியும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரண்டையும் மூடுவது ஒரே கடல் கொணரும் மணலன்றோ? இரண்டு வாய்களும் மண் மேடிட்டு அடைபட்ட காலத்தில், எண்ணிக்கையால் வந்த ஆறுதல் வெள்ளத்தின்முன் நில்லாது. இவ்வாறே ஒரு காரணத்தால் பல காவல்கள் ஒருங்கே அழிதலைப் பொதுக்காரணத் தவறு என்பர். தீ, பொதுக்காரணங்களுள் முதன்மையானது.

இவ்வுண்மையை உலகு முதலில் தெளிவாக உணர்ந்தது 1975ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாளாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பிறவுன்ஸ் பெரி நிலையத்தில் அன்று இரு உலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டறைக்குக் கீழே, மின்வடங்கள் யாவும் பரந்து செல்லும் அறையின் சுவரில், வடங்கள் ஊடுருவும் துளைகளைப் பணியாளர் நுரைப் பொருளால் அடைத்துக்கொண்டிருந்தனர். காற்றுக் கசிகின்றதா என்றறிய அவர்கள் கையாண்ட கருவி ஒரு மெழுகுதிரி. சுடரைக் காற்று துளைக்குள் இழுக்க, எரியும் இயல்புள்ள அந்நுரை பற்றிக்கொண்டது. தீ சுவரைக் கடந்து உலைக் கட்டடத்துள் வடங்களின் வழியே பரவிற்று. 1600க்கும் மேற்பட்ட வடங்கள் கெட்டன. முதலாம் உலையின் அவசரக் குளிர்த்தலுக்கென அமைந்த பம்பிகள் பயன்படாதொழிந்தன. வேறு பணிக்கென அமைந்த பம்பிகளைக் கொண்டே பணியாளர் உலைக்கு நீரூட்டினர். மின்சாதனங்களில் நீர் பாய்ச்ச அஞ்சி நெடுநேரம் தயங்கியமையால் தீ ஏறத்தாழ 7 மணித்தியாலம் எரிந்தது. ஈற்றில் நீர் பாய்ச்சியபோதோ விரைவில் அவிந்தது.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இதே நிலையத்தில் இரண்டு நாள்களுக்கு முன்னரும் மெழுகுதிரியால் இத்தகைய சிறு தீ மூண்டது, உடனே அவிக்கப்பட்டது, பணி முறையோ மாறவில்லை. சிறு தீயை அவித்தவர்கள் அது சொல்லிய செய்தியையும் உடன் அவித்துவிட்டனர்.

இதன் பின் அமெரிக்க அணு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1980இல் கடுமையான விதிகளை ஆக்கிற்று. அவற்றின் சாரம் இதுவாகும்: உலையைப் பாதுகாப்பாக நிறுத்தி, நிறுத்திய நிலையிலேயே வைத்திருத்தற்கு வேண்டிய கருவித் தொகுதிகள் இரண்டினுள் ஒன்றேனும் தீயினின்றும் தப்ப வேண்டும். அதற்காக அவற்றிடையே 3 மணித்தியாலம் தீயைத் தாங்கும் சுவர் இருத்தல் வேண்டும். அன்றேல் எரிபொருள் யாதுமில்லாத 20 அடி இடைவெளியும், தீயை உணரும் கருவியும், தானே தொழிற்படும் அவிப்புச் சாதனமும் வேண்டும். அதுவும் இயலாதாயின், 1 மணித்தியாலம் தாங்கும் தடுப்போடு அவ்விரு சாதனங்களும் வேண்டும். கட்டுப்பாட்டறையையே கைவிட நேர்ந்தால் வேறிடத்திலிருந்து உலையை நிறுத்தும் வழியும் இருத்தல் வேண்டும். அடுக்களையை விலக்கி அமைத்த அறிவு, அடியும் மணியும் குறித்த விதியாக உருப்பெற்றமை காண்க.

பாடம் எழுதப்பட்டது; ஆயின் எங்கும் படிக்கப்பட்டதா? 1989ஆம் ஆண்டு ஒற்றோபர் 19ஆம் நாள் ஸ்பெயினிலுள்ள வண்டெயோசு முதலாம் நிலையத்தில் சுழலியின் தகடுகள் முறிய, ஐதரசனும் எண்ணெயும் பற்றியெரிந்தன. குளிர்த்தற் சாதனங்கள் சில கெட்டன. அந்நிலையம் மீண்டும் இயங்கவேயில்லை. அதற்குப் பின் நான்காண்டுகளும் நிறைவுறாத காலத்தில் அவ்விபத்து நம் அயல்நாட்டில் மறுபிறப்பு எடுத்தது.

உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ளது நரோரா. அங்குள்ள 220 மெகாவாற்று முதலாம் உலையில், 1993ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பின்னிரவு 3.30 மணியளவில், சுழலியின் கடைசிப் படியிலுள்ள தகடுகள் இரண்டு களைப்புற்று முறிந்தன. சமநிலை இழந்த சுழலி பெரிதும் அதிர, மின்பிறப்பாக்கியின் அடைப்புகள் சிதைந்தன. வெளிப்பட்ட ஐதரசன் வெடித்து எரிய, எண்ணெயும் உடன் பற்றிற்று. பணியாளர் ஒரு நிமிடம் கழியுமுன் உலையை நிறுத்தினர். அம்மட்டில் அனைத்தும் முறைப்படியே நடந்தன. ஆயின் பிரதான மின்வழியின் வடங்களும், அது தவறினால் உதவ வேண்டிய மின்வழியின் வடங்களும் தக்க தீத்தடுப்பின்றி ஒருங்கே சென்றன. ஒரே தீ இரண்டையும் உண்டது. அவசர டீசல் மின்பிறப்பாக்கிகள் தொடங்கியும், அவற்றை ஆளும் வடங்கள் எரிந்தமையால் சில நிமிடங்களில் நின்றன. நிலையம் முழுவதும் இருண்டது. அவ்விருள் 17 மணித்தியாலம் நீடித்தது.

கட்டுப்பாட்டறையிற் புகை நிறைய, பணியாளர் அதனை விட்டு நீங்கினர். மாற்று அறையிலும் மின் இன்மையால் உலையின் நிலையைக் காட்டும் கருவிகள் ஊமையாயின. அந்நிலையில் அவர்கள் செய்தவை நினைவில் வைக்கத்தக்கன. சிலர் கைவிளக்கின் ஒளியில் உலைக் கட்டடத்தில் ஏறி, வாயில்களைக் கையாலே திறந்து, போரன் கலந்த நீரை அதன் பாரத்தினாலேயே உலையுட் பாயச் செய்தனர். நியூத்திரனை விழுங்கும் போரன், உலை மீண்டும் உயிர்பெறாது காத்தது. ஏனையோர் தீயணைத்தற்கென வைத்திருந்த டீசல் பம்பிகளை இயக்கி, நீராவிப் பிறப்பாக்கிகளுக்கு நீரூட்டினர். சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியினால் உலையின் வெப்பம் அங்கு வந்து சேர்ந்தது. கதிர்த்தொழிற்பாடு வெளியே பரவவில்லை. அனைத்துலக அளவுகோலில் இந்நிகழ்வு மூன்றாம் படியில் வைக்கப்பட்டது. மற்றைய இந்திய நிலையங்களின் சுழலித் தகடுகளும் பின்னர் சோதிக்கப்பட்டன. மின்வடங்களைப் பிரித்தலும் தீத்தடுப்பு இடுதலும் மேற்கொள்ளப்பட்டன.

அவ்விரவிற் காத்தவை யாவை? மின்னை வேண்டாத பாரமும், மின்னை வேண்டாத நீரோட்டமும், எரிந்த வடங்களோடு தொடர்பில்லாத பம்பிகளும், துணிவுள்ள மனிதருமே. அவருடைய துணிவைப் போற்றுவோம். ஆயினும் துணிவை நம்பித் திட்டமிடுதல் திட்டமாகாது. வீரம் வேண்டப்படாத வகையில் அமைப்பதே நல்ல அமைப்பு.

இனி, தீக்காப்புத் திட்டம் என்பது யாது எனக் காண்போம். அதற்கு மூன்று அரண்கள் உள. தீ மூளாது தடுத்தல் முதலாவது. எரியும் பொருளைக் குறைத்தல், எளிதிற் பற்றாத உறையுள்ள வடங்களை இடுதல், ஒட்டுவேலை முதலிய அனற்பணிகளுக்கு எழுத்தில் அனுமதி பெறுதல், பணி முடிந்த பின்னும் காவலாளர் ஒருவரை நிறுத்துதல் ஆகியன இதன்பாற்படும். மூண்ட தீயை விரைவில் உணர்ந்து அவித்தல் இரண்டாவது. அவியாத தீயும் ஓர் எல்லையைக் கடவாதவாறு அடக்கி, உலையின் காவற்றொகுதிகளுள் ஒன்றேனும் எஞ்சச் செய்தல் மூன்றாவது. முதலிரண்டும் தவறும் என்று வைத்துக்கொண்டே மூன்றாவதை அமைத்தல் வேண்டும்.

இதற்கென நிலையத்தின் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே எடுத்துத் தீயிடர் ஆராய்வர். இவ்வறையில் எரியக்கூடியது எவ்வளவு? அஃது எத்துணை நேரம் எரியும்? இச்சுவர் அவ்வளவு நேரம் தாங்குமா? இவ்வறையில் உள்ளன யாவும் எரிந்து போயின என்று கொண்டால், உலையை நிறுத்தவும் குளிர்விக்கவும் எஞ்சுவன யாவை? எஞ்சுவன என்று சொல்லப்பட்டவற்றின் வடம் ஒன்றேனும் இவ்வறையினூடு மறைவாகச் செல்கின்றதா? இவ்விறுதி வினாவே மிகக் கடினமானது. ஆயிரக்கணக்கான வடங்கள் செல்லும் வழி ஒவ்வொன்றையும் தொடர்ந்து சென்றாலன்றி இதற்கு விடை கூறல் இயலாது.

திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் காலம் அதனை அரிக்கும். புதிய வடமொன்றை இடுதற்குச் சுவரிற் துளையிடுவர், அடைக்க மறப்பர். ஓரிரு நாளைக்கென வைத்த எண்ணெய்ப் பீப்பாய் ஓராண்டு அங்கேயே கிடக்கும். ஆகவே மீளாய்வு வேண்டும். மீளாய்வாளர் வரைபடத்தை மட்டும் நோக்கி அமைதி அடைதல் கூடாது. நிலையத்தினுள் நடந்து, கண்ணாற் கண்டு, வரைபடமும் சுவரும் ஒன்றையே சொல்கின்றனவா என ஒப்பிடுதல் வேண்டும். 1990களின் தொடக்கத்தில், அமெரிக்க நிலையங்கள் பலவற்றில் வடங்களைச் சுற்றிப் பொருத்தியிருந்த தடுப்புப் பொருளொன்று, சோதனைத் தீயின் முன்னே குறித்த நேரத்தைத் தாங்காது போயிற்று. சான்றிதழ் இருந்தது, தாங்கும் வலி இருக்கவில்லை. சான்றிதழைத் தீ வாசிப்பதில்லை.

மீளாய்வு செய்வோர் யார் என்பதும் முக்கியமானது. மின்னாக்கத்தை வளர்க்கும் கையே அதனைத் தடுத்து நிறுத்தும் கையாகவும் இருத்தல் தகாது. இந்திய அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபை 1983இல் நிறுவப்பட்டது. அது மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரமாகவே இருந்தமையை 2012இல் இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை குறையாக எடுத்துக்காட்டிற்று. நம் நாட்டுச் சட்டம் வளர்க்கும் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தொடக்கத்திலேயே வேறாக்கியமை நன்றே. ஆயின் எழுத்தில் வேறாதல் ஒன்று, உள்ளத்தில் வேறாதல் மற்றொன்று. நிறுத்துக என்று சொல்லும் அறிவும் அஞ்சாமையும் உடையவர் அங்கு இருந்தாலன்றி அவ்வேற்றுமை பயன்படாது.

பொதுக்காரணம் தீ ஒன்றே அன்று என்பதை இக்கரையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் நாவலடியையும் கல்லடியையும் அழித்த அதே ஆழிப்பேரலை, கல்பாக்கத்திலும் ஏறிற்று. அங்கு இயங்கிக்கொண்டிருந்த உலையின் கடல்நீர்ப் பம்பிகளில் நீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அருகிருந்த குடியிருப்பிலோ உயிர்கள் பல மாண்டன. கல்பாக்கம் தப்பியதைக் கண்டவர் எல்லாரும் அதனைத் தமக்கு வந்த எச்சரிக்கையாகக் கொண்டாரல்லர். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் யப்பானின் புகுசிமாவில் அவசர மின்பிறப்பாக்கிகளுட் பெரும்பாலானவற்றை ஒரே அலை மூழ்கடித்தது. எஞ்சியது உயரத்தில் இருந்த, காற்றாற் குளிர்விக்கப்படும் ஒன்று. அதனைச் சார்ந்த ஐந்தாம் ஆறாம் உலைகள் பிழைத்தன. நரோராவில் தீ செய்ததை அங்கு நீர் செய்தது. இரண்டிடத்தும் காத்தது வேறாக இருந்த ஒன்றே.

இவற்றால் நாம் பெறும் முடிபு இதுவாகும். காவல்களின் தொகையை எண்ணுவது பாதுகாப்பன்று. அவை ஒன்றையொன்று சாராமல் உண்மையிலேயே பிரிந்து நிற்கின்றனவா என்று நோக்குவதே பாதுகாப்பு. பிறருக்கு நேர்ந்ததைத் தனக்கு நேர்ந்ததாகக் கருதிப் படிப்பதே மீளாய்வு. பிறவுன்ஸ் பெரியில் இரண்டு நாள்களுக்கு முன் எரிந்த சிறு சுடரையும், வண்டெயோசில் முறிந்த தகட்டையும் உரியவர் உரிய காலத்திற் படித்திருப்பின், பின் வந்த இரவுகள் வேறாயிருந்திருக்கும்.

மாணவர்களே, அணு மின்நிலையம் இந்நாட்டில் எழுமோ எழாதோ என்பதைக் காலம் சொல்லும். எழுக என்று சிலரும் எழற்க என்று சிலரும் உரைக்கும் அவையில், நீவிர் உணர்ச்சிவசப்படாது ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: "இந்த அறை முழுதும் எரிந்துவிட்டால், எஞ்சுவது யாது? அதனை நேரிற் சென்று கண்டவர் யார்?" நேரிய விடை கிடைக்குமாயின் அதனை ஆராய்க. விடை கிடையாதாயின், அது கிடைக்கும்வரை அவ்வினாவைக் கைவிடாதொழிக. சூட்டை இடைவெளி விட்டு வைத்த நம் முன்னோர் பௌதிகவியல் கற்றவரல்லர். ஆயினும் அவ்வினாவை அவர்கள் அறிந்திருந்தனர்.